களைப்பா, இடமா, வேலையா?

வேலையை விட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து, மனதுக்கு நிறைவான வேலையைத் தேட நினைப்பவரா நீங்கள்? ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் விடை காண வேண்டிய கேள்விகள், நாட வேண்டிய நிபுணர்கள், போட வேண்டிய கணக்குகள்.

"பேப்பர் போட்டுட்டேன்" என்று ஒருவர் சொன்னால், சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. அலுவலகங்களில் உடனே வரும் கேள்வி: "எங்க போற?" "எங்கயும் இல்ல, கொஞ்ச நாள் சும்மா இருந்துட்டு யோசிக்கணும்" என்பது பதிலானால் கேட்டவர் ஒரு நொடி திகைக்கிறார். வீட்டில் அந்தத் திகைப்பு ஒரு நொடியில் முடிவதில்லை. வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்ன ஆகும், சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேள்விகள் வரிசை கட்டுகின்றன.

இந்த இடைவேளையை விரும்பி எடுப்பவர்கள் சிலர். பிரசவம், பெற்றோரின் நோய், பிள்ளையின் படிப்பு என்று குடும்பத்துக்காக எடுப்பவர்கள் இன்னும் பலர். வேறு சிலர்மீது அது சுமத்தப்படுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, நல்ல கம்பெனியில் சேர்ந்தால் ரிட்டயர்மென்ட் வரை கவலையில்லை என்ற நம்பிக்கை பல வீடுகளில் ஆட்டம் கண்டது.

எப்படி வந்தாலும், அந்த இடைவேளை வாழ்க்கைக்கு உதவுமா என்பது அதை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. "எனக்குப் பிடித்த வேலை எது?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலானோர் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்போது வலிப்பது எது?

ஞாயிற்றுக்கிழமை மாலையே மனம் கனத்துப்போவது, திங்கள் காலை லேப்டாப்பைத் திறக்கக் கை வராதது, முன்பு ஆசையோடு செய்த வேலையில் இப்போது எரிச்சல் மட்டும் மிஞ்சுவது எல்லாம் பலருக்கும் பொதுவான அறிகுறிகள். அவற்றின் வேர் மூன்று இடங்களில் இருக்கலாம். உடலும் மனமும் களைத்திருக்கலாம். வேலை சரியானதாக இருந்து, வேலை செய்யும் இடம் தவறாக இருக்கலாம். அல்லது வேலையே நமக்குப் பொருந்தாததாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பழைய இடத்திலேயே வந்து நிற்பவர்கள் ஏராளம்.

களைப்பு என்றால்

வேலையால் வரும் இந்த முழுச் சோர்வைப் 'பர்ன் அவுட்' என்ற பெயரில் 1974இல் எழுதியவர் நியூயார்க்கின் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். இலவச மருத்துவமனையில் இரவும் பகலும் உழைத்த தன்னார்வலர்களிடம் அவர் இதைக் கண்டார். வேலையை வெறுத்தவர்களுக்கு வந்த நோய் இல்லை இது. வேலையை மிகவும் நேசித்தவர்களே முதலில் சரிந்தார்கள். பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்கும் முறையை உருவாக்கினார். 2019இல் உலக சுகாதார நிறுவனம், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்று இதை வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, 'என்னால் எதுவும் உருப்படியாக முடியவில்லை' என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

இந்த நிலையில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரின் அறை. தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் மனச்சோர்வு நோயும் இதே முகத்தோடு வரக்கூடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய காரணத்துக்காகப் பத்து வருட அனுபவத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கும் தொழிலாளர்களுக்கு, தகுதி நிபந்தனைகள் பொருந்தினால், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். இந்த உரிமையை அறியாமலே வேலையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

களைத்திருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவுகளைக் களைப்புதான் எடுக்கிறது. சேர்ந்திருக்கும் விடுப்பை எடுங்கள். போதாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். நன்றாகத் தூங்கி, உடல் தேறிய பிறகும் அதே வேலையை நினைத்தால் வயிறு கலங்குகிறதா என்று பாருங்கள். கலங்கினால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இடம் என்றால்

அமெரிக்க ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரே கட்டடம், ஒரே வேலைப் பட்டியல். ஆனால் ஒரு பிரிவினர் தங்கள் வேலையைத் தரை துடைப்பதாக மட்டும் பார்த்தார்கள். இன்னொரு பிரிவினர் நோயாளிகளோடு பேசினார்கள், வரும் உறவினர்களுக்கு வழிகாட்டினார்கள், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நம்பினார்கள். வேலையின் எல்லைகளைத் தாங்களே சற்று மாற்றி வரைந்துகொண்டவர்கள் அவர்கள்.

கூலி குறைவாகவும் மரியாதை இல்லாமலும் நடத்தப்படும் ஒருவரிடம் 'நீதான் வேலையை ரசிக்கப் பழக வேண்டும்' என்று சொல்ல இந்த ஆய்வைப் பயன்படுத்துவது அநியாயம். ஆனால் வேலையும் வேலைச் சூழலும் வெவ்வேறு என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. வகுப்பறையை நேசிக்கும் ஆசிரியை, அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கச் சொல்லும் நிர்வாகத்தால் மனம் உடைந்திருக்கலாம். நோயாளிகளை விரும்பும் செவிலியர், ஓயாத இரவு ஷிஃப்டால் நொந்திருக்கலாம். அவர்களுக்குத் தேவை வேறு பள்ளி, வேறு மருத்துவமனை. வேறு தொழில் தேவையில்லை.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. இரண்டு வாரம், தினமும் வேலை முடிந்ததும் நான்கு வரி எழுதுங்கள். எந்த நேரம் மனம் ஒன்றியது, எந்த நேரம் கசந்தது, அப்போது செய்துகொண்டிருந்தது என்ன, பக்கத்தில் இருந்தது யார். கசப்பான நேரங்களில் எல்லாம் ஒரே மேலாளர், ஒரே மீட்டிங், ஒரே வாடிக்கையாளர் என்று வந்தால் நீங்கள் மாற்ற வேண்டியது டீமை அல்லது நிறுவனத்தை. அதற்கு வேலையில் இருந்துகொண்டே தேடுவதுதான் நல்லது.

வேலையே என்றால்

மூன்றாவது கேள்விக்குத்தான் தொழில்நெறி ஆலோசகரின் உதவி மிகவும் பயன்படும். அந்தத் துறையின் தொடக்கமே வேலை மாறி மாறி அலைந்த ஒருவரின் வாழ்க்கையில்தான் இருக்கிறது. 1854இல் நியூஜெர்சியில் பிறந்த ஃபிராங்க் பார்சன்ஸ் பொறியியல் படித்து ரயில் நிறுவனத்தில் சேர்ந்தார். 1873இன் பொருளாதாரச் சரிவில் அந்த வேலை போனது. கூலி வேலை செய்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், சட்டம் படித்தார். தேர்வுக்காகப் படித்த படிப்பில் உடல் நலம் கெட்டு, நியூ மெக்சிகோவின் திறந்த வெளியில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து தேறினார். வழக்கறிஞர், நூலாசிரியர், பேராசிரியர் என்று அதன் பிறகும் பல வேடங்கள். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கும் குடியேறிகளுக்கும் வேலை குறித்து ஆலோசனை சொல்லும் அலுவலகத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூல், ஒரு புதிய துறைக்கே அடித்தளமானது.

பார்சன்ஸ் சொன்ன வழி மூன்று படிகள் கொண்டது. உன்னை அறிந்துகொள். வேலைகளை அறிந்துகொள். இரண்டையும் பொருத்திப் பார். நூறு ஆண்டுகள் கடந்தும் நல்ல ஆலோசகர்கள் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

முதல் படிக்கு உதவும் கருவிகளில் புகழ்பெற்றது, உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பிரிவு. கருவிகளோடும் கைகளோடும் உழைப்பது, ஆராய்ந்து அறிவது, புதிதாகப் படைப்பது, பிறருக்குக் கற்றுக்கொடுத்து உதவுவது, ஆட்களை வழிநடத்தி வணிகம் செய்வது, கணக்கையும் ஒழுங்கையும் காப்பது. ஒவ்வொருவருக்கும் இவற்றில் இரண்டு மூன்று முன்னால் நிற்கும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இதன் அடிப்படையிலான 60 கேள்விகளுக்கு இலவசமாகவே பதிலளித்துப் பார்க்கலாம். ஆனால் எந்தத் தேர்வும் உங்களுக்கான வேலையைச் சொல்லிவிடாது. ஆலோசகரோடு பேச்சைத் தொடங்க அது உதவும், அவ்வளவுதான். முடிவுத்தாளை அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறவர் பாதி வேலையைக்கூடச் செய்யவில்லை.

இரண்டாம் படிதான் நம் ஊரில் அதிகம் தவறவிடப்படுவது. ரிச்சர்ட் போல்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968இல் தேவாலயத்தின் செலவுக் குறைப்பில் வேலையிழந்தார். தன்னைப்போல் வேலையிழந்த பாதிரியார்களுக்காக 1970இல் அவரே அச்சிட்ட 'வாட் கலர் இஸ் யுவர் பாராசூட்?' என்ற கையேடு, பின்னர் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் அவர் வலியுறுத்தியது: ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், அதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரைப் போய்ப் பாருங்கள். வேலை கேட்காதீர்கள். அவருடைய சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது, எது பிடிக்கவில்லை, வருமானம் எப்படி என்று கேளுங்கள்.

மூன்றாம் படியைப் பேராசிரியை எர்மினியா இபாரா 2003இல் எழுதிய நூல் இன்னும் கூர்மையாக்கியது. உட்கார்ந்து யோசித்துத் தன்னைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் மாறலாம் என்பவர்கள் மாறுவதில்லை. சிறிய அளவில் செய்து பார்ப்பவர்களே மாறுகிறார்கள் என்கிறார் அவர். ஐ.டி. வேலையை விட்டு இயற்கை விவசாயத்துக்குப் போக ஆசையா? நிலம் வாங்கும் முன் ஒரு குறுவைப் போகம் முழுவதும் ஒரு விவசாயியோடு இருந்து பாருங்கள். நாற்று நடவும் களையெடுப்பும் மட்டும் போதாது. அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மழை மிரட்டும்போது நெல்லைக் குவித்துவைத்துக் காத்திருக்கும் இரவுகள்வரை இருந்து பாருங்கள். பேக்கரி வைக்க ஆசையா? ஓர் அடுப்படியில் சில வாரம் விடியற்காலை வேலைக்குப் போங்கள். அதற்குப் பிறகும் ஆசை நிற்கிறதென்றால், அது ஆசை மட்டும் இல்லை என்று அறிவீர்கள். இடைவேளையின் உண்மையான பயன் இத்தகைய சோதனைகளுக்கு நேரம் கிடைப்பதுதான்.

யாரிடம் போவது?

இந்தியாவில் கேரியர் கவுன்சலர் என்று பலகை மாட்ட உரிமம் கட்டாயமில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கி ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனவே யார் எதற்கு என்ற தெளிவு முதலில் வேண்டும்.

கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு இருந்தால் அவரிடமோ மனநல மருத்துவரிடமோ போகலாம். தொழில்நெறி ஆலோசகர் உங்கள் விருப்பம், திறன், விழுமியம் ஆகியவற்றை அலசித் திசை காண உதவுபவர். கோச் என்பவர் திசை தெரிந்தவர் தடுமாறாமல் நடக்கத் துணை நிற்பவர். சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தரும் சான்றுகளில் தொடக்க நிலைக்கே 100 மணி நேரமும், அடுத்த நிலைக்கு 500 மணி நேரமும் பயிற்றுவித்த அனுபவம் தேவை. ரெக்ரூட்டர் நிறுவனத்துக்காக ஆள் தேடுபவர். அவருக்குக் கட்டணம் தருவது நிறுவனம். அவர் நல்லவராக இருந்தாலும் உங்கள் ஆலோசகர் ஆகமாட்டார்.

முதல் சந்திப்பிலேயே இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள்:

• என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள்?
• என் வயதிலும் என் துறையிலும் இருந்து மாறியவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா?
• மொத்தம் எத்தனை அமர்வுகள், என்ன கட்டணம், நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா?
• அமர்வுகள் முடியும்போது என் கையில் என்ன இருக்கும்?
• நீங்கள் பரிந்துரைக்கும் கோர்ஸ் அல்லது நிறுவனத்திடம் கமிஷன் வாங்குகிறீர்களா?

வேலைக்கு உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடமிருந்தும், டெபாசிட் கட்டினால் வெளிநாட்டு வேலை என்பவரிடமிருந்தும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். இணையவழியில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதிக்காமல் புகார் செய்யலாம்.

செலவு செய்ய வசதி இல்லையா? ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தைப் பதிவு புதுப்பிக்கும் இடமாகவே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அங்கே வழிகாட்டுதல் கேட்கலாம். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு உண்டு. தனியார் துறை முகாம்களும் நடக்கின்றன. 2015இல் தொடங்கப்பட்ட தேசிய வேலைவாய்ப்புச் சேவை தளத்திலும் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

கணக்கு தப்பக் கூடாது

மனநிறைவைத் தேடும் பயணத்தைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் பணம்தான். வாடகை அல்லது தவணை, மளிகை, ஃபீஸ், பெற்றோரின் மருந்து, இன்ஷூரன்ஸ் பிரீமியம் என மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். ஆறு மாத இடைவேளைக்கு ஒன்பது மாதச் செலவைக் கையில் வையுங்கள். வேலை தேடும் காலமும் முதல் சம்பளம் வரும்வரையான காலமும் கணக்கில் சேர வேண்டும். கிரெடிட் கார்டை நம்பி யாரும் இடைவேளை எடுக்கக் கூடாது.

நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துவிடுங்கள், அல்லது குழுக் காப்பீட்டிலிருந்து தனிக் காப்பீட்டுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024இல் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

பி.எஃப். பணத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது. ஐந்து ஆண்டு தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை தேவை. இடையில் அந்தப் பணத்தை எடுக்காவிட்டால், அடுத்த வேலையின் சேவையும் பழையதோடு சேரும். வழக்கமான பணியில் ஐந்து ஆண்டு முடியச் சில மாதமே இருந்தால் கிராஜுவிட்டிக்காகப் பொறுத்திருப்பது புத்திசாலித்தனம். ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றையும் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

பெண்களின் இடைவேளை

வேலை இடைவேளை என்ற பேச்சு இப்போதுதான் நாகரிகமாகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதை எடுத்துவந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் 'திரும்ப வரும்போது என்ன உதவி வேண்டும்?' என்று கேட்கவில்லை. 2017 சட்டத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. அந்த 26 வாரத்துக்குப் பிறகு குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விதான் இன்றும் பலரை வேலையிலிருந்து வெளியே தள்ளுகிறது.

சென்னையின் சௌந்தர்யா ராஜேஷ் வங்கி வேலையைக் குழந்தைக்காக விட்டு, திரும்பி வருவதன் கடினத்தைத் தானே அனுபவித்தவர். 2000இல் அவர் தொடங்கிய அவதார் நிறுவனம், இடைவேளைக்குப் பிறகு வரும் பெண்களை நிறுவனங்களோடு இணைப்பதில் முன்னோடியானது. டாட்டா குழுமம் 2008இல் இத்தகைய பெண்களுக்கென்றே இரண்டாம் பணி வாய்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஜோஹோவின் கல்விப் பிரிவு 'மறுபடி' என்ற பெயரில் பயிற்சி நடத்துகிறது. இடைவேளை எடுத்த பெண் விஞ்ஞானிகள் ஆய்வுக்குத் திரும்ப, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கிலேயே நிதியுதவியைத் தொடங்கியது.

ரெஸ்யூமில் அந்த 'கேப்'பை மறைக்காதீர்கள். லிங்க்ட்-இன் தளம் 2022இல் இடைவேளையைத் தனித் தலைப்பாகப் பதியும் வசதியைத் தந்தது. எத்தனை ஆண்டு, என்ன காரணம், அந்தக் காலத்தில் கற்றது அல்லது செய்தது என்ன என்று மூன்று வரி போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் வேண்டாம். படுத்த படுக்கையான மாமியாரை நான்கு ஆண்டு பார்த்துக்கொண்டவர் மருத்துவமனை, மருந்து, செலவு, உறவினர் என்று ஒரு நிர்வாகத்தையே நடத்தியிருக்கிறார்.

தனிமனிதச் சாமர்த்தியம் போதுமா?

ஸ்வீடனில் 1974இல் இயற்றப்பட்ட சட்டப்படி, படிப்பதற்காக விடுப்பு எடுப்பது ஊழியரின் உரிமை. 1997இன் இன்னொரு சட்டம், சொந்தத் தொழில் தொடங்கிப் பார்க்க ஆறு மாதம் விடுப்புத் தருகிறது. தொழில் தோற்றால் பழைய வேலைக்குத் திரும்பலாம். வேலையிழந்தவர்களுக்கு ஆலோசகரை அமர்த்தித் தருவதற்கென்றே முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் அமைப்புகள் அங்கே உள்ளன. சிங்கப்பூர் 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மறுபயிற்சிக்காக 4,000 வெள்ளி வரவு வைத்தது. அங்கே குடிமக்களாக உள்ள தமிழர்களும் அதைக் கொண்டு நடுவயதில் புதுத் தொழில் பழகலாம்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குத் திசை காட்டுகிறது. நாற்பது வயதில் வழி மாற விரும்புகிறவருக்கும் அப்படி ஒரு திட்டம் வேண்டும். மாவட்ட வழிகாட்டும் மையங்களில் நடுவயதினருக்கான பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இருந்தால், வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் இந்த உதவி ஜவுளி ஆலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் கிடைக்கும். ஆலோசகர்களின் தகுதியை முறைப்படுத்தும் சட்டமும் தேவை. நிறுவனங்கள் 'கேப்' என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை ஒதுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

வேலையில் நிறைவு தேடுவதைச் சோம்பலென்றோ பேராசையென்றோ பேசும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் ஒன்று நமக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அந்தத் தேடலில் இருப்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், "எப்போ வேலைக்குப் போகப் போற?" என்று தினமும் கேட்காதீர்கள். "இந்த வாரம் யாரைப் பார்த்துப் பேசின?" என்று கேளுங்கள். அந்தத் தேடலில் இருப்பவர் நீங்களே என்றால், ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். களைப்பா, இடமா, வேலையா என்று எழுதத் தொடங்குங்கள். அதற்கு விடை தெரிந்தபின் எடுக்கும் இடைவேளையை யார் முன்னாலும் தயக்கமில்லாமல் சொல்லலாம்.